முருகைக்கல் வளரும் கண்ணாடித் தொட்டியும் நமது கரையோரக் கடலும்

நெடுந்தீவுக்குச் சென்று வந்தவர்கள், அங்கே காணிகளின் எல்லைகளில் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டிருக்கும் மதில்களை மறந்திருக்க மாட்டார்கள். எமது மக்களுக்கு முருகை என்பது நெடுங்காலமாகவே ஒரு கல். மதில் கட்டவும், சூளையிலிட்டு எரித்துச் சுண்ணாம்பு எடுக்கவும் உதவிய கல். அது உயிருள்ள ஒரு பிராணி என்பதும், பசிக்கவும் நோயுறவும் இறக்கவும் கூடியது என்பதும் பாடநூல்களில் படித்து மறந்துபோன செய்திகளாகவே பலருக்கும் இருந்து வருகின்றன.

ரொறன்ரோவில் வாழும் எனது மருமகன் ஒருவர், தமது வீட்டின் நிலக்கீழ் அறையில் கண்ணாடித் தொட்டியொன்றை அமைத்து அதில் முருகைகளை வளர்த்து வருகின்றார். வெளியே பனி கொட்டும் மாதங்களில், உள்ளே நீல ஒளியின் கீழ் ஊதா, பச்சை, செம்மஞ்சள் நிறங்களில் அவை கிளை பரப்பி நிற்கும் காட்சியைத் தொலைபேசி வழியாகக் காட்டி மகிழ்வார். அண்மையில் அவர் ஒரு கேள்வியை முன்வைத்தார். "மாமா, இங்க நான் உப்பைக் காசு குடுத்து வாங்கிக் கரைக்கிறன். கல்லடியில எங்கட வீட்டுக்குப் பின்னால கடலே கிடக்குது. அங்க வந்து செய்தால் இன்னும் நல்லா வளர்க்கலாம் தானே?" என்பதே அக்கேள்வி.

மேலோட்டமாக நோக்கும்போது நியாயமாகத் தோன்றும் கேள்வி இது. ஆயினும் இதற்கு விடை காண்பதற்கு முருகை எவ்வாறு வளர்கின்றது, தொட்டியில் அதனை வளர்ப்போர் எவற்றையெல்லாம் கவனிக்கின்றனர் என்பவற்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த விளக்கம், தொட்டியே இல்லாத வாசகர்களுக்கும் கடற்கரையில் வாழ்கின்றவர்கள் என்ற வகையில் பயன்படக்கூடியது.

கல்லுக்குள் உள்ள உயிர்

முருகை, சொறிமுட்டைக்கும் கடல் அனிமனிக்கும் உறவுமுறையானது. பொலிப் எனப்படும் சின்னஞ்சிறு உடல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கூடி வாழ்கின்றன. ஒவ்வொரு பொலிப்பும் கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் அடிப்புறத்தில் கல்சியம் காபனேற்று எனும் சுண்ணாம்புக்கல்லாகப் படியவைக்கின்றது. நாம் கல் என்று கையில் எடுப்பது அதன் எலும்புக்கூட்டையே ஆகும்.

இவ்வளவு பெரிய கட்டட வேலைக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து கிடைக்கின்றது என்பதே வியப்புக்குரியது. பொலிப்பின் உடலுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து, தாம் ஆக்கும் உணவின் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. முருகையின் சக்தித் தேவையில் 90 சதவீதம் வரை இவ்வழியிலேயே கிடைக்கக் கூடும். எஞ்சியதை, இரவில் கைகளை விரித்து நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்பதன் மூலம் அது ஈடுசெய்து கொள்கின்றது. முருகைக்கு நிறத்தைத் தருவதில் இந்த அல்காக்களுக்கும் பங்குண்டு.

ஆகவே முருகை வளர்ப்பு என்பது விலங்கையும், அதனுள் வாழும் தாவரத்தையொத்த உயிரையும், அவை கட்டும் கல்லையும் ஒரேவேளையில் பராமரிக்கும் காரியமாகும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் மற்றைய இரண்டும் நிலைப்பதில்லை.

தொட்டியின் நியதிகள்

வீட்டில் முருகை வளர்க்கும் முயற்சிக்கு நெடிய வரலாறு இல்லை. ஜக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டும் கொண்டு கடல் தொட்டியை இயக்கும் முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். பின்னர் 1980 களில் பேர்லின் நகர ஆர்வலர்கள் அதனை மேம்படுத்தினர். கடும் ஒளி, உயிர்ப்பாறை, நீரிலுள்ள சேதனக் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி ஆகிய மூன்றும் அவர்களது முறையின் தூண்களாகும். அவர்களுள் ஒருவரான டீட்ரிச் ஸ்டூபர், கிளைத்து வளரும் அக்ரோபோரா முருகையைத் தொட்டியில் வளர்த்து, அதன் கிளைத்துண்டுகளை ஏனையோருக்குப் பகிர்ந்தளித்தார். கடலிலிருந்து பறித்து வராமல் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கொடுத்து வளர்க்கும் பழக்கம் இவ்வாறே வேரூன்றியது. எனது மருமகனிடமுள்ள முருகைகள் யாவும் அவ்வாறு கைமாறி வந்தவையே.

இப்போது வளர்ப்போர் கவனிக்கும் விடயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பொறுமை. புதிய தொட்டியில் நீரை நிரப்பியவுடன் முருகையை இட்டால் அது இறந்துவிடும். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பாறைகளில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்களாவது செல்லும். அதன் பின்னரும் தொட்டி முதிர்ச்சியடையப் பல மாதங்கள் தேவை.

இரண்டாவது, மாறாநிலை. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 அல்லது 26 பாகை செல்சியஸ் வெப்பநிலை என்பன பொதுவான அளவுகள். ஆனால் அளவை எட்டுவதைக் காட்டிலும் அதனைக் குலையாமல் வைத்திருப்பதே கடினமானது. நீர் ஆவியாகும்போது உப்பு எஞ்சிவிடுவதால், குறையும் நீரை உப்பில்லாத தூய நீரால் மாத்திரமே நிரப்ப வேண்டும். குழாய்நீரில் குளோரின், செம்பு, பொசுபேற்று முதலியன இருக்கக் கூடுமாதலால் அதனை வடிகட்டியே பயன்படுத்துவர்.

மூன்றாவது, ஒளி. அல்காக்களுக்கு நீல ஒளி பெரிதும் வேண்டும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் வரை விளக்கு எரியும். மங்கலான இடத்திலிருந்து வந்த முருகையைக் கடும் ஒளியில் திடீரென வைத்தால் அது வெளிறிப்போகும். சில வாரங்களில் சிறிது சிறிதாக ஒளியைக் கூட்டுவதே முறை.

நான்காவது, நீரோட்டம். முருகையால் நடக்க முடியாது. உணவும் ஒட்சிசனும் அதனைத் தேடி வரவேண்டும், கழிவும் படியும் மண்ணும் அதனை விட்டு அகல வேண்டும். இதனால் தொட்டியின் மொத்த நீரும் மணித்தியாலத்துக்கு 20 மடங்குக்கு மேலாகச் சுழலும் வகையில், திசை மாறிமாறிப் பாயும் பம்பிகளைப் பொருத்துவர்.

ஐந்தாவது, போசணை. மீன்களுக்கு அளவுக்கு மீறி உணவிட்டால் நைத்திரேற்றும் பொசுபேற்றும் பெருகி, பாசி தழைத்து முருகையை மூடிவிடும். பொசுபேற்று கூடினால் எலும்பு படிவதும் தடைப்படும். அதேவேளை இவை முற்றாக இல்லாது போனாலும் முருகை நலிவுறும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவதும், பாசி மேயும் நத்தைகளையும் மீன்களையும் சேர்த்து வளர்ப்பதும் இதற்கான வழிகள்.

சுண்ணாம்பின் கதை

ஆறாவது விடயத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். வளரும் முருகை, நீரிலுள்ள கல்சியத்தைத் தின்று தீர்க்கின்றது. கடலில் அது ஒரு பொருட்டல்ல. லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான கல்சியம் அங்கே என்றும் குறையாதிருக்கின்றது. தொட்டியிலோ அது நாளுக்கு நாள் குறைகின்றது. அதனுடன் இருகாபனேற்றின் அளவும் இறங்குகின்றது. இவை இரண்டையும் குறையும் அளவுக்கே, ஒழுங்காக, தினமும் ஈடுசெய்தால்தான் எலும்பு வளரும். மக்னீசியம் லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் இல்லாவிட்டால், ஊட்டிய கல்சியம் நீரிலேயே வீணாகப் படிந்துவிடும்.

இதற்கு வளர்ப்போர் கையாளும் பழைய, மலிவான வழி எது தெரியுமா? நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலக்கித் தெளியவைத்து, அத்தெளிவைத் துளித்துளியாக இரவில் தொட்டிக்குள் விடுவதாகும். லீற்றருக்கு ஒன்றரைக் கிராமளவே கரையும். நீரைக் கடுங்காரமாக்கிவிடும் என்பதால் ஒரேயடியாக ஊற்றலாகாது. எமது வெற்றிலைத் தட்டிலுள்ள சுண்ணாம்பும் இரசாயன ரீதியில் இதே பொருள்தான். எனினும் கலப்புகள் இருக்குமென்பதால் அதனைத் தொட்டிக்குப் பயன்படுத்துவது தகாது.

இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. முருகைக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீர் தெளித்தால் நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். எமது நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டது இதுவே. ரொறன்ரோவிலுள்ள மருமகன் அதே சுண்ணாம்பைக் கரைத்து ஊட்டி, அதே காபனீரொட்சைட்டை நீரிலிருந்து பிணைத்து, விரலளவு முருகையை வளர்க்கின்றார். அவர் ஓராண்டில் வளர்த்தெடுப்பதைச் சூளை ஓரிரவில் தின்றுவிடும். பாறைபோலத் திரண்டு வளரும் முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே பருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு பாரவண்டிச் சுமைக்குள் எத்தனை தலைமுறைகளின் வளர்ச்சி அடங்கியிருந்தது என்பது புலப்படும்.

1984 இல் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பு, தென்மேற்கு மற்றும் தெற்குக் கரையோரங்களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் அகழப்படுவதை வெளிப்படுத்தியது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சேர்த்து வைப்பதையும் எரிப்பதையும் கொண்டு செல்வதையும் தடைசெய்தது. சட்டம் வந்தபோது பல குடும்பங்களின் அடுப்பு அணைந்தது உண்மை. மாற்றுத் தொழில் வழங்கும் கடமை போதியளவு நிறைவேற்றப்படவில்லை என்பதும், அதனாலேயே திருட்டு அகழ்வு நீடித்தது என்பதும் மறைக்கத்தக்கவை அல்ல.

அந்த அகழ்வின் விலை என்ன என்பதை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காட்டியது. பெரலியவில் ஆழிப்பேரலை புகையிரதத்தைப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அங்கே அலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் உள்ளே வந்தது. அங்கிருந்து அதிக தொலைவில் இல்லாத ஹிக்கடுவையிலோ அலையின் உயரமும் அது உட்புகுந்த தூரமும் மிகக் குறைவாக இருந்தன. பேராசிரியர் ஹரீந்திர பெர்னாண்டோ தலைமையிலான ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், பெரலியவுக்கு முன்னாலிருந்த முருகைக்கற்பாறைகள் சட்டவிரோதமாக அகழப்பட்டிருந்ததையும் ஹிக்கடுவையில் அவை பாதுகாக்கப்பட்டிருந்ததையும் இவ்வேறுபாட்டுக்கான காரணமாகச் சுட்டிக்காட்டினர். தமிழ், முஸ்லிம் மக்கள் நெருக்கமாக வாழும் கிழக்குக் கரையோரம் அன்று இழந்த உயிர்களை நினைவுகூரும் எவரும் இதனை ஒரு தூரத்துச் செய்தியாகக் கொள்ள முடியாது.

கடல் எனும் தொட்டி

தொட்டியின் நியதிகளை மீண்டும் ஒருமுறை வரிசையாக எண்ணி, அவற்றை நமது கடலுக்குப் பொருத்திப் பார்ப்போம். வெப்பநிலை, வழமையான கோடைகால உச்சத்திலிருந்து ஒரு பாகை மட்டும் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே போதும். பொலிப் தன் அல்காக்களை வெளியேற்றி வெண்மையாகிவிடுகின்றது. இதுவே வெளிறுதல் எனப்படுகின்றது. சூடு விரைவில் தணிந்தால் அது மீளும், தணியாவிடின் பட்டினியால் இறக்கும். 1998 இல் ஹிக்கடுவையும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைப் பாறையும் இவ்வாறு பேரிழப்பைச் சந்தித்தன. திருகோணமலைப் பக்கத்து முருகைகள் அவ்வாண்டில் பெரும்பாலும் தப்பிக்கொண்டன. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உலகளாவிய வெளிறுதல் நான்காவதாகும். 2025 ஏப்ரல் வரையான கணக்கின்படி, உலகின் முருகைப் பரப்பில் 84 சதவீதம் வெளிறச் செய்யுமளவு வெப்பத்துக்கு உட்பட்டிருந்தது. இந்து சமுத்திரமும் இதற்கு விதிவிலக்கல்ல.

ஒளியைச் சேற்று நீர் மறைக்கின்றது. ஆற்றுவழியே வரும் வண்டலும், கரையோரக் கட்டுமானங்களின் மண்ணும் முருகையின் மீது போர்வையாகப் படிகின்றன. உரமும் மலசலகூடக் கழிவும் விடுதிகளின் கழிவுநீரும், அளவுக்கு மீறி உணவிடப்பட்ட தொட்டியின் நிலைக்குக் கடலைக் கொண்டு செல்கின்றன. பாசி மேயும் கிளி மீன்களை வரையறையின்றிப் பிடிப்பது, தொட்டியிலிருந்து நத்தைகளை அகற்றிவிட்டுப் பாசியைக் குறை சொல்வதற்கு ஒப்பானது. வெடிவைத்து மீன்பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. அது மீனை மட்டும் கொல்வதில்லை, மீன் பெருகும் வீட்டையும் தகர்க்கின்றது.

நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் வற்றுநீர் வேளைகளில் உல்லாசப் பயணிகள் முருகைகளின் மீதே ஏறி நிற்பதைத் தடுக்க, பிரகடனம் மட்டும் போதவில்லை.

தொட்டி தரும் நன்மை

இவ்வாறு கூறுவதால் வீட்டுத் தொட்டிகள் பயனற்றவை என்றாகாது. தொட்டியில் பெற்ற அறிவு இன்று கடலுக்குத் திரும்பிக் கொண்டிருக்கின்றது. கிளையை வெட்டிப் பசையால் கல்லில் ஒட்டி வளர்க்கும் வித்தையே கடலடி நாற்றுமேடைகளிலும் கையாளப்படுகின்றது. புளோரிடாவில் டேவிட் வோன் என்ற ஆய்வாளர், தற்செயலாக உடைந்துபோன சிறு துண்டுகள் பெரிய துண்டுகளை விடப் பன்மடங்கு வேகமாக வளர்வதைக் கண்டார். மெதுவாகப் பருக்கும் இனங்களையும் நாற்றாக வளர்க்க அது வழிதிறந்தது. லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிறக்ஸ் குழுவினர், நிலவொளியையும் பருவகால வெப்ப மாற்றத்தையும் தொட்டிக்குள் செயற்கையாக உண்டாக்கி, முருகைகளை முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டனர். அவர்களது ஒத்துழைப்புடன் 2019 இல் புளோரிடா நீர்வாழ் உயிரினக் காட்சியகம், அழிவின் விளிம்பிலுள்ள தூண் முருகையை அவ்வாறே இனம்பெருக்கச் செய்தது.

2023 ஜூலையில் புளோரிடாவின் ஆழங்குறைந்த குடா ஒன்றில் நீரின் வெப்பம் 38 பாகையைத் தாண்டியபோது, கடலடி நாற்றுமேடைகளிலிருந்த முருகைகளை அவசரமாக எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காத்தனர். உண்மையில் அது ஓர் அகதி முகாம் என்றே சொல்ல வேண்டும். முகாமில் உயிர் தங்கும். ஆனால் திரும்பிப் போக ஊர் இருக்க வேண்டும் என்பதை நமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். கல்லடிக் கடலிலிருந்து முருகையைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைக்க இயலாது. சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாயின், கல் முருகைகள் யாவும் அழிவுறும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை என்பதால், அனுமதிப்பத்திரங்கள் வேண்டும். ரொறன்ரோவில் நீரைச் சூடாக்கச் செலவிடுபவர் இங்கே அதனைக் குளிராக்கச் செலவிட வேண்டியிருக்கும். 2022 இல் நாம் அனுபவித்ததைப் போன்று நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்படுமானால், பம்பி நின்று ஒட்சிசன் அற்று, பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழுகிப்போகும். கரையோர நீரை அள்ளி ஊற்றுவதும் உகந்ததல்ல. கழிவும் நன்னீரும் கலக்கும் இடத்து நீர் முருகைக்கு நஞ்சாகவும் அமையலாம்.

ஆனால் அவரிடம் இங்கே தேவைப்படும் ஒன்று உண்டு. நீரின் கல்சியத்தையும் பொசுபேற்றையும் வாரந்தோறும் அளந்து குறித்து வைக்கும் பழக்கமே அது. தொட்டியை வைத்திருப்பவர் எவரும் நோய் கண்ட பின்னர் ஆராய்வதில்லை. நாள்தோறும் அளந்து, சிறு மாற்றத்தையும் கவனித்துச் செயற்படுகின்றனர். பாசிக்குடாவிலும் காயங்கேணியிலும் புறாத்தீவிலும் கற்பிட்டியிலும் அவ்வாறு தொடர்ச்சியாக அளக்கும் ஏற்பாடு பலப்படுத்தப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களையும் கரையோரப் பாடசாலைகளையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் அதில் இணைக்கலாம். நங்கூரம் பாறையில் விழாதவாறு படகுகளைக் கட்டுவதற்கு மிதவைகளை அமைத்தல், விடுதிகளின் கழிவுநீரைச் சுத்திகரித்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்களுமல்ல.

வாசகர்கள் செய்யக்கூடியவையும் சில உண்டு. முருகைகளின் மீது கால் வைக்காதீர்கள். அலங்காரப் பொருளாக விற்கப்படும் முருகைத் துண்டுகளை வாங்காதீர்கள். வற்றுக்காலத்தில் சுற்றுலா செல்லும் பிள்ளைகளுக்கு, அது கல்லல்ல, உயிர் என்று கூறுங்கள். மருமகனுக்கும் நான் எழுதியிருப்பது இதுவே. அடுத்த விடுமுறைக்கு வரும்போது தொட்டியை விட்டுவிட்டு, நீர்ப்பரிசோதனைப் பெட்டியையும் நீந்தும் கண்ணாடியையும் மட்டும் கொண்டுவரும்படி கேட்டிருக்கின்றேன். காயங்கேணியில் அவரை அழைத்துச் செல்ல ஒரு படகுக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கின்றேன்.